பழுதுகள் குறைந்தும் எம்.டி.டி.ஆர். ஏறுகிறது: எப்படி விளக்குவது?

கேள்வி (பீன்யா, பெங்களூரு):
வணக்கம். பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் சி.என்.சி. (கணினி வழி இயங்கி உலோகத்தைக் கடையும்) இயந்திரங்களுடைய பராமரிப்பைக் கவனித்து வருகிறேன். தடுப்புப் பராமரிப்பை அட்டவணைப்படி செய்யத் தொடங்கியபின் பழுதுகள் நன்றாகவே குறைந்துவிட்டன. ஆனால் ஒரு பழுதைச் சரிசெய்ய ஆகும் சராசரி நேரமான எம்.டி.டி.ஆர். ஏறிக்கொண்டே போவதால், மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் பிரிவு பின்தங்கிவிட்டதாகவே பேசப்படுகிறது. கணக்கில் எங்கே பிசகு?

பதில் 1:
கணக்கில் பிசகில்லை ஐயா, ஒற்றை எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்வதில்தான் பிசகு. ஓர் உதாரணத்துக்கு, 600 மணி நேரம் ஓட வேண்டிய பிரிவில் 40 பழுதுகளால் 60 மணி நேரம் வீணானால் எம்.டி.டி.ஆர். ஒன்றரை மணி நேரம். லிமிட் சுவிட்சில் அடைந்த உலோகத் துருவல், தளர்ந்த கூலண்ட் குழாய் போன்ற சிறு வேலைகளைத் தடுப்புப் பராமரிப்பு ஒழித்துவிட்டால், ஸ்பிண்டில் பேரிங் மாற்றுவது போன்ற பெரிய வேலைகளே எஞ்சும். 10 பழுதுகள், 30 மணி நேரம் என்றாகும்போது எம்.டி.டி.ஆர். 3 மணி நேரமாகிவிடும். அதே வேளையில், பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி ஓட்ட நேரமான எம்.டி.பி.எஃப். 13.5 மணியிலிருந்து 57 மணியாகவும், இயந்திரம் ஓடத் தயாராக இருக்கும் நேரம் 90 விழுக்காட்டிலிருந்து 95 விழுக்காடாகவும் உயர்ந்திருக்கும். இம்மூன்றையும் ஒரே தாளில் வையுங்கள். ஈஎன் 15341 என்னும் ஐரோப்பியத் தரநிலை 2007இல் பராமரிப்பை அளக்கவென இதுபோன்ற 71 குறியீடுகளைத் தந்தது; அத்தனையையும் பலகையில் ஒட்டினால் படிக்க ஆள் இருக்காது.

பதில் 2:
பிரேக்டவுன் சீட்டையும் ஒருமுறை பாருங்கள். ஸ்டோர்ஸில் பேரிங் இல்லாமல் காத்துக் கிடந்த நேரமும் பல இடங்களில் பழுதுபார்த்த நேரமாகவே பதிவாகிறது. இயந்திரம் நின்றது, ஃபிட்டர் வந்தது, உதிரிபாகம் கைக்கு வந்தது, ஓட்டிப் பார்த்து ஒப்படைத்தது என நான்கு நேரங்களையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதவைத்தால், தாமதம் யாருடையது என்பது கூட்டத்தில் தானே வெளிப்படும். இந்த எண்ணை ஊக்கத்தொகையோடு மட்டும் இணைத்துவிடாதீர்கள். இணைத்தால் வேலை முடியுமுன்பே சீட்டு மூடப்படும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஷிப்ட் மாறும்போது பாதியில் நிற்கும் வேலைக்கு இங்கே புதுச் சீட்டு போடுகிறார்கள். அது சரியா?

பதில் 2:
கூடாது. ஒரே பழுது இரண்டாக எண்ணப்பட்டு, எம்.டி.டி.ஆர்., எம்.டி.பி.எஃப். இரண்டுமே உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அடுத்த ஷிப்ட் ஃபிட்டர் பழைய சீட்டிலேயே கையெழுத்திட்டுத் தொடரட்டும்.