மறு: பச்சோந்திக் கூண்டின் டிரிப்பருக்குத் தமிழில் என்ன பெயர்?

> ‘சொட்டுநீர்க் கருவி’ என்றே எழுதிவிடலாமே? எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். சொட்டுநீர் என்றதும் வயலில் பயிரின் வேரடியில் கிடக்கும் குழாய்தான் கண்முன் வரும். டிரிப்பரோ பச்சோந்தி குடிக்கத் துளித்துளியாக நீர் விடும் அமைப்பு; இங்கே நீர் கூண்டின் உச்சியிலிருந்து இலை இலையாக வழிய வேண்டும். தேங்கிய நீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் குடிநீராக அறிவதே இல்லை. இலைமேல் நிற்கும் பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடிக்கும் பிராணி அது. கிண்ணம் நிறையத் தண்ணீர் இருக்கும். பச்சோந்திக்கோ உடலில் நீர் வறண்டு கண் குழிவிழுந்திருக்கும், வெள்ளையாக இருக்க வேண்டிய யூரேட் என்னும் சிறுநீர்க் கழிவு செம்மஞ்சளாகியிருக்கும். கிண்ணத்தால் ஆன பயன், எச்சமும் செத்த பூச்சியும் மிதக்க ஓர் இடம்.

‘கருவி’யும் பெரிய சொல். அடியில் ஊசித்துளை போட்ட டப்பாவைக் கூண்டின் வலைமேல் வைத்தால் அதுவும் டிரிப்பர்தான்.

> அப்படியானால் ‘தெளிப்பான்’?

வேண்டவே வேண்டாம். அதில் பூச்சிமருந்து வாடை அடிக்கிறது. மருந்தடித்த தெளிப்பானைக் கழுவிக் கூண்டுக்குப் பயன்படுத்தலாமா என்று என்னிடமே ஒருவர் கேட்டார். கூடவே கூடாது. தவிர, தெளிப்பது மிஸ்டர் (mister) என்னும் வேறொரு சாதனத்தின் வேலை. அதற்குச் ‘சாரலி’ என்று வைக்கலாம். சாரல் சில நிமிடம் இலைகளை நனைத்துவிட்டு ஓயும். டிரிப்பர் நொடிக்கு ஒன்றிரண்டு துளியாக நெடுநேரம் விடும்.

என் பரிந்துரை ‘துளிக்கலம்’. ‘சொட்டுக்கலம்’ என்றால் சொட்டு மருந்து நினைவுக்கு வந்து, வாயைத் திறந்து ஊற்றத் தோன்றும். அப்படி ஊற்றினால் நீர் நுரையீரலுக்குப் போய்விடக்கூடும். ‘கலம்’ என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘துளிப்பான்’, ‘சொட்டி’ எல்லாம் துளியைச் சொல்கின்றன. ஆபத்து இருப்பதோ கலத்தில். நாள்பட நீர் நின்ற கலத்தின் உட்புறமும் குழாயும் வழவழவென்று ஆகும். அது பாக்டீரியாப் படலம். அதைக் கழுவாமல் மேலே எவ்வளவு நல்ல நீரை ஊற்றினாலும் வீண். பெயரிலேயே கலம் இருந்தால் கழுவவும் நினைவு வரும்.

> குளோரின் போன நீரை ‘ஆறவைத்த நீர்’ எனலாமா?

காய்ச்சி ஆறவைத்தது என்றுதான் படிப்பார்கள். குழாய்நீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் பறந்துவிடும், சரி. குளோரினுக்குப் பதிலாகச் சில இடங்களில் கலக்கப்படும் குளோரமின் உள்ள நீர் அப்படிச் சரியாகாது; அதற்குக் கரி வடிகட்டியோ நீக்கும் மருந்தோ வேண்டும். எனவே ‘குளோரின், குளோரமின் நீக்கிய நீர்’ என்று நீட்டியே எழுதுவோம். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டுமா என்ன?

வழிந்த நீரைப் பிடிக்கும் தட்டுக்கு ‘வடிதட்டு’. அதில் யாருக்கும் மறுப்பு இராது என்று நினைக்கிறேன்.

கூண்டுக்குள் மூடுபனி போல ஈரத்தைப் பரப்பும் ஃபாகருக்குத்தான் (fogger) சொல் அகப்படவில்லை. ‘மூடுபனி’யோடு எதை ஒட்டினாலும் கவிதைத் தொகுப்பின் தலைப்பு போலாகிவிடுகிறது. யாராவது கைகொடுங்கள்.