ஹோம் தியேட்டர், டிஷ், ஃபைபர்: கடலூர், பாண்டி நண்பர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கெடிலக்கரை:
மஞ்சக்குப்பத்தில் வீடு. 5.1 செட்டும் (ஐந்து ஸ்பீக்கர், அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபர்), அதற்குச் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் ரிசீவரும் பாண்டியில் வாங்கியது. பிராண்டு, விலை பஞ்சாயத்து இப்போது வேண்டாம், பொருளில் குறை இல்லை. மாட்ட வந்த தம்பியைத்தான் மறக்க முடியவில்லை. நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து, சென்டர் ஸ்பீக்கரை லாஃப்டில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். உட்காருபவர் காதுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டிய சரவுண்ட் ஸ்பீக்கர் இரண்டும் டிவிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. போன் போட்டுக் கேட்டால், "அங்கதான் சார் லுக்கா இருக்கும், ஒயரும் தெரியாது" என்கிறார். வசனம் பெரும்பாலும் அந்த சென்டர் பெட்டியில்தான் வரும் என்று தெரியாமலா இந்த வேலைக்கு வருகிறார்கள்?

அன்று ராத்திரி படம் போட்டோம். கார் மோதுவது, கதவு சாத்துவது எல்லாம் பிரமாதம். கொஞ்ச நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்த அப்பா என் பக்கம் திரும்பி, "ஏன்டா, தமிழ்ப் படத்துக்குத் தமிழ்லயே எழுத்துப் போடுவாங்களா?" என்றார். கிண்டலா, நிஜமாகத்தான் கேட்டாரா, இன்றுவரை தெரியவில்லை.

லாஸ்பேட்டை நைட்ஷோ:
உங்களுக்காவது கார் மோதுவது கேட்டது. எனக்குப் படமே நின்றுபோனது. 2024 ஃபெஞ்சல் புயலுக்கு முந்தின மழைநாள் ஒன்று. கிளைமாக்ஸ், வில்லன் துப்பாக்கியைத் தூக்குகிறான், படம் கட்டம் கட்டமாக உடைந்து 'சிக்னல் இல்லை' என்று வந்து நின்றது. கஸ்டமர் கேரில் ஒரு அம்மா ரொம்ப நிதானமாக, "உங்க ஏரியாவுல மழை பெய்யுதா சார்?" என்றார். ஐப்பசி கார்த்திகையில் பாண்டியில் கேட்கிற கேள்வியா இது? டிஷ்ஷுக்கு வரும் அலைவரிசையை அடைமழை உறிஞ்சிவிடும், அது இயற்கை, புரிகிறது. மழைக்காலத்தில்தானே நாம் வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கிறோம்! ஃபைபர் இன்டர்நெட்டுக்கு மாறிவிட்டேன். மிகத் துல்லியமான 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ் வேகம்தான், சாதாரண பிளானே போதும். டிஷ் இனி யாருக்கும் வேண்டாம் என்பது என் கட்சி.

தேவனாம்பட்டினம் காற்று:
நைட்ஷோ அண்ணே, ஃபெஞ்சல் கரை கடந்தபோது 24 மணி நேரத்தில் பாண்டியில் கிட்டத்தட்ட 48 செ.மீ. மழை. அன்றைக்கு உங்கள் ஃபைபரில் என்ன படம் ஓடியது? எங்கள் பக்கம் கம்பத்திலிருந்து கேபிள் அறுந்து தெருவில் கிடந்தது. வானம் வெளுத்து, கரன்ட் வந்ததும் டிஷ் தானாகப் பிடித்துக்கொண்டது. ஃபைபர்காரர் எப்போது வந்தார் என்று கேட்டுவிடாதீர்கள்.

டிஷ்ஷும் உத்தமன் இல்லைதான். 2011 டிசம்பர் 30, 'தானே' புயல் அடித்த காலை, எங்கள் மாடிக் குடையைக் காணோம். அடுத்த தெருவில் மல்லாந்து கிடந்தது, நிறைய மழைத்தண்ணீர், இரண்டு கோழி நின்று குடித்துக்கொண்டிருந்தன. அவ்வளவுதான் என் கதை.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், சிக்னலை வாங்கும் எல்.என்.பி.யோடு ஒயர் சேரும் இடத்தில் பச்சைப் பச்சையாகக் களிம்பு ஏறும். மழையே இல்லாத நாளிலும் சிக்னல் குறைகிறதா, முதலில் அங்கே பாருங்கள். புது கனெக்டர் போட்டு, தண்ணீர் புகாத டேப் சுற்றினால் சரியாகிவிடும். ஸ்பீக்கர் ஒயரை மலிவு என்று வாங்காதீர்கள். அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் பூசிய ஒயரைச் செம்பு என்றே சொல்லி விற்கிறார்கள். நுனியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். டிவியிலிருந்து ரிசீவருக்கு ஆப்டிகல் ஒயர் போட்டால் டால்பி டிஜிட்டல் 5.1 வரைதான் போகும். ஓடிடி-யில் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் வருவது போன்ற சத்தம்) வேண்டுமென்றால், டிவியின் சத்தத்தை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் எச்டிஎம்ஐ ஏஆர்சி வேண்டும். ப்ளூரே பிளேயரை டிவியில் செருகி, அதன் முழு ஒலியும் ரிசீவருக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் அதன் மேம்பட்ட வகையான ஈஏஆர்சி இருக்க வேண்டும். கடையில் "எல்லாம் வரும் சார்" என்பார்கள். டிவியைத் திருப்பி, துளைக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படித்துப் பாருங்கள். அப்புறம், கெடிலக்கரை சார், சென்டரை இறக்கி டிவிக்குக் கீழே வையுங்கள், அதன் முகப்பைக் காது உயரத்தை நோக்கிச் சாய்த்து. ரிசீவர் மெனுவில் சென்டரின் ஒலியை மட்டும் கொஞ்சம் ஏற்றலாம். அப்பாவுக்கு எழுத்து தேவைப்படாது.

லாஸ்பேட்டை நைட்ஷோ:
அன்றைக்குக் கரன்ட்டே இல்லையே, என்ன ஓடும்? புயலை வைத்து வாதம் பண்ணுவது அழுகுணி ஆட்டம். சாதாரண மழையில் எது தாங்கும் என்பதுதான் பேச்சு.

பாதிரிப்புலியூர் டிக்கெட்:
சண்டை போடுபவர்கள் போடுங்கள். எங்கள் மச்சான் வீட்டில் ஐந்து ஸ்பீக்கரும் சப்வூஃபரும் இருந்தன. வீட்டில் எல்லோரும் சரவுண்டைப் புகழ்ந்துகொண்டே இருந்தார்கள். ஒருநாள் போய்ப் பார்த்தேன், ரிசீவர் முகப்பில் 'ஸ்டீரியோ' என்று எரிகிறது, அதாவது முன்னால் இருக்கும் இடது, வலது ஸ்பீக்கருக்கு மட்டும்தான் சத்தம். பின்னால் இருந்த ஸ்பீக்கரில் காதை வைத்தால் பிணம் மாதிரி அமைதி. செட்டாப் பாக்ஸ் செட்டிங்கில் ஆடியோவை டால்பிக்கு மாற்றி, 5.1 வருகிற எச்டி சேனல் போட்டதும், பின்னால் ஏதோ விழுந்த சத்தத்தில் அக்கா அடுப்படிக்கு ஓடினாள். பாத்திரம் உருண்டது படத்தில்.

முத்தியால்பேட்டை மாடி:
நான் புரொஜெக்டர் கட்சி. மாடி அறை, வெள்ளைச் சுவர், ராத்திரி மட்டும். பகலில் ஜன்னலை அடைத்தாலும் படம் வெளிறித்தான் தெரியும், அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. ஆனால் என்னை விடாமல் துரத்துவது வேறு. விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். பேய்ப் படம், கதாநாயகி இருட்டில் மெல்லத் திரும்புகிறாள், அவள் கன்னத்தின் மேல் நிஜப் பல்லி ஒன்று ஊர்ந்து வந்து மூக்கில் நின்றது. சின்னவன் போட்ட அலறலில் கீழ்வீட்டுக்காரர் டார்ச்சோடு ஏறி வந்துவிட்டார். பல்லிக்கு யாராவது வழி சொல்லுங்கள். முட்டை ஓடு வேண்டாம், மாட்டிப் பார்த்தாச்சு.