புதுப்பிப்பு: ஜெனரேட்டர் மேல ஏறிட்டுது

போன மாசம் இங்க கேட்டிருந்தன், என்ர கட்டடக்கலைப் படிப்பின்ர கடைசி வருஷ ப்ரொஜெக்ட், கொழும்புக்குக் கிட்ட வெல்லம்பிட்டிப் பக்கம் அனர்த்த நேரத்துக்கு ஒரு பிராந்திய கட்டுப்பாட்டு நிலையம், ஜெனரேட்டரை பேஸ்மென்ட்ல வைக்கலாமோ எண்டு. ஒரு அண்ணா "2011ல ஃபுகுஷிமாவில என்ன நடந்தது எண்டு பார்" எண்டு மட்டும் போட்டிருந்தார். பார்த்தன். ஜப்பான்ல இருக்கிற அந்த அணுமின் நிலையத்தில சுனாமித் தண்ணி கீழ்த்தளத்துக்க போய், ஒண்டைத் தவிர எமர்ஜென்சி ஜெனரேட்டரெல்லாம் நிண்டதாலதான் உலையைக் குளிர்விக்கிற பம்ப் ஓடேல்ல. வெக்கமாப் போச்சு.

பிறகு சைட்டுக்குப் போனன். ஒரு அன்ரி வீட்டுச் சுவரைக் காட்டினா, 2016 மே களனி கங்கை வெள்ளத்தின்ர மண்நிறக் கோடு, பெயின்ட் அடிச்சும் மங்கலாத் தெரியுது, மீற்றர் பொக்ஸுக்கும் மேல. "தம்பி, முதல்ல கரண்ட்தான் போனது" எண்டா.

இப்ப பேஸ்மென்டே இல்ல. கீழ்த்தளம் தூண் மட்டும், வள்ளம் கட்டலாம், தண்ணி வந்தா வந்து போகட்டும். கன்ட்ரோல் ரூம் முதலாம் மாடி, ஜெனரேட்டரும் மெயின் போர்டும் இரண்டாம் மாடி, ஆனா கன்ட்ரோல் ரூமுக்கு நேர மேல இல்ல, அதிர்வும் சத்தமும் வயர்லெஸ்ல கதைக்கிற ஆளை விசராக்கிப்போடும். டீசல் டாங்க்குக்கு தனி நெருப்புச் சுவர்.

மிச்சத் தலையிடி ரேம்ப்தான். சக்கர நாற்காலிக்கு 1:12 சரிவு எண்டா 3 மீற்றர் ஏற 36 மீற்றர் ஓடுது, நடுவில நிண்டு ஆற இடம் வேற, காணியில பாதியை அதே திண்டுட்டுது. லிஃப்ட் போடு எண்டு சொல்லாதேங்கோ, கரண்ட் இல்லாத நாளுக்குத்தானே இந்தக் கட்டடமே. சுத்தி வளைச்சு வெளிச்சுவரோட கொண்டுபோறன், வெள்ளிக்கிழமை ஜூரி, அதாவது டிசைனை மதிப்பிடுற ஆக்களுக்கு முன்னால விளக்கிறது.