புதுப்பிப்பு: தார் பாலைவன இலந்தை, முளைக்காத கொட்டைகள்

ராஜஸ்தானின் ஜர்பேர் இலந்தைப் புதரை விதைப்பது பற்றிய முந்தைய பதிவுக்கு வந்த ஒரே கேள்வி: கொட்டை ஏன் கிடந்தபடியே கிடக்கிறது? கொட்டையின் கெட்டியான ஓடுதான் காரணம்.

சதையைக் கழுவிவிட்டு, 17–18 சதவீத உப்புக் கரைசலில் போடுங்கள். மிதப்பவை பொக்கு, உள்ளே நல்ல பருப்பு இருக்காது. மூழ்கியவற்றை நல்ல தண்ணீரில் அலசி, ஓட்டை மட்டும் பக்கவாட்டில் தட்டி உடைத்துப் பருப்பை எடுங்கள், நசுங்கினால் அழுகிவிடும். பருப்பு ஒரு வாரத்தில் முளைக்கும். ஓட்டோடு என்றால் மூன்று நான்கு வாரம்.

ஆணிவேர் சட்டென்று இறங்கும், நாற்றுப் பை 30 செ.மீ. ஆழமாவது வேண்டும். குட்டைப் பையில் வேர் சுருண்ட கன்று, அடுத்த கோடையில் காய்ந்துவிடும். ஜூலை மழையோடு நடுங்கள். ஆட்டுக்கு இந்த இலை என்றால் உயிர், முள்வேலி கட்டாயம்.

புழு வைத்த பழத்துக்காக மருந்தடிக்காதீர்கள். நரியும் பறவைகளும் தின்பது இந்தப் பழத்தைத்தான்.