வலி நின்ற பல்லுக்கு வேர் சிகிச்சை எதற்கு?

செந்தூல் மாறன்:
கீழ்க் கடைவாய்ப்பல் வலியில் மூன்று இரவு தூங்கவில்லை. கிளினிக்கில் அமோக்ஸிசிலின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் வலி போய்விட்டது. இப்போது பல் மருத்துவர் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்தே ஆக வேண்டும் என்கிறார். பல்லின் மேல் போடும் உறையோடு சேர்த்து ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும். வலிக்காத பல்லுக்கு ஏன் இவ்வளவு செலவு? வேர் சிகிச்சை செய்த பல் கிருமியை உள்ளே பூட்டிவைத்து இதயத்தையும் மூட்டையும் கெடுக்கும் என்று உறவினர் ஒருவர் காணொளி அனுப்பியிருக்கிறார். சும்மா விட்டுவிடலாம், மீண்டும் வலித்தால் பிடுங்கிக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

பட்டர்வொர்த் வாணி:
மாறன் அண்ணா, பதினான்கு ஆண்டுகளாகப் பல் மருத்துவரின் உதவியாளராக இருக்கிறேன். இந்த "வலி போய்விட்டது" என்ற சொல்தான் எனக்கு அச்சம் தருகிறது. பற்கூழ், அதாவது பல்லுக்குள் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள மென்தசை, செத்துவிட்டால் வலிக்க நரம்பு ஏது? செத்த கூழில் இரத்த ஓட்டமும் இல்லை. மாத்திரை இரத்தத்தோடுதான் போகும். தாடை வீக்கத்தை அடக்கும், பல் வேருக்குள் ஓடும் குழாயில் குடியேறிய கிருமிகளை எட்டாது.

1965இல் ககேஹாஷி என்ற ஆய்வாளரின் குழுவினர் எலிகளின் பற்கூழைத் திறந்து வைத்தார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகிச் சீழ் பிடித்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளுக்கோ, உணவு அடைந்திருந்தும் காயம் தானே மூடிக்கொண்டது. கிருமி இருக்கும்வரை நோய் இருக்கும்.

செந்தூல் மாறன்:
சகோதரி, கிருமிதான் காரணம் என்றால் உங்கள் வாதம் எனக்கே சாதகம். பல்லின் நுண்குழாய்கள் எல்லாவற்றையும் கழுவ முடியுமா? என் அக்காவுக்குச் சிகிச்சை செய்த பல் நான்கே ஆண்டில் மறுபடி வீங்கியது. பல்லையே எடுத்துவிட்டால் கிருமிக்கு வீடே இல்லை.

ஜெலுத்தோங் ராஜன்:
வீடு பல்லுக்குள் மட்டும் இல்லை, தம்பி, ஈறிலும் உண்டு. சொத்தையே இல்லாத நான்கு பற்கள் எனக்கு ஆடி விழுந்தன. துலக்கும்போது நுரையில் சிவப்புத் தெரியும். ரத்தம் வருகிறதே என்று அந்த இடத்தைத் தொடாமல் விட்டேன். அதுதான் நான் செய்த தவறு. டென்மார்க்கில் 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கவைத்தார்கள். 10 முதல் 21 நாளில் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. துலக்கத் தொடங்கியதும் ஆறியது. அதுவும் 1965தான். எனக்கு நீரிழிவும் இருந்ததால் ஈறு இன்னும் வேகமாகக் கெட்டது.

பட்டர்வொர்த் வாணி:
மாறன் அண்ணா, அக்காவின் பல் விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்கமாட்டேன். என்டிரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் என்ற கிருமி பட்டினியையும் தாங்கும். தோற்றுப்போன வேர் சிகிச்சைகளில் அடிக்கடி அகப்படுகிறது. அதனால்தான் ரப்பர் திரை கட்டி எச்சிலைத் தடுத்து, ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியால் திரும்பத் திரும்பக் கழுவுகிறோம். மேலே உறை கசிந்தால் அத்தனையும் வீண். காப்பாற்ற முடியாத பல்லைப் பிடுங்குவதும் சரியான சிகிச்சையே. சும்மா விடுவது மட்டும் சிகிச்சை இல்லை.

காணொளி சொல்வது நூறாண்டுப் பழைய கதை. 1910க்குப் பின் அதை நம்பி நல்ல பற்களையெல்லாம் பிடுங்கினார்கள், மூட்டுவலி தீரவில்லை. ஆனால் செயற்கை இதய வால்வு உள்ளவர்களைப் போன்றோர் பல் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

செந்தூல் மாறன்:
நேற்றிரவு கண்ணாடியில் பார்த்தேன். அந்தப் பல்லுக்குக் கீழே ஈறில் அரிசி அளவு கொப்புளம். அழுத்தினால் உப்புக் கரிக்கிறது. வலியே இல்லை.

பட்டர்வொர்த் வாணி:
சீழ் வழி தேடிக்கொண்டது. அழுத்தாதீர்கள். இந்த வாரமே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பல்லை வைப்பதா எடுப்பதா என்று அதைப் பார்த்தபிறகு பேசலாம்.