புதுப்பிப்பு: ஜிங்காரோ நடை முடிந்தது

இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் ஜிங்காரோ இயற்கைக் காப்பகத்தில் நடக்கச் செருப்பு போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். “ஷூ போடு” என்றவர்கள் சொன்னதுதான் சரி.

ஸ்கோபெல்லோ ஊர்ப் பக்க வாசலைத் தாண்டியதும் ஒரு சுரங்கம். பாதியில் நின்ற சாலையின் மிச்சம் அது. 1980இல் மக்கள் ஊர்வலமாகப் போய் அந்தச் சாலையைத் தடுத்தார்கள். மறுவருடமே காப்பகமாக அறிவித்துவிட்டார்கள். அதற்கப்புறம் கடலோரமாகச் சுமார் 7 கிலோமீட்டர், வெறும் சரளையும் சுண்ணாம்புப் பாறையும். மரநிழல் குறைவு. வழியெல்லாம் குட்டைப் பனை. பனை வடலி போலவே விசிறி ஓலை, காம்பில் முள், என் முழங்கால்தான் சாட்சி.

இரண்டு லிட்டர் தண்ணீர் ஊட்ஸோ கடற்கரைக்குள் காலி. குளித்துவிட்டு, வந்த வழியே திரும்பினேன்.