எதிரெதிர் வீடுகள், வெவ்வேறு விலைகள்: வீடு தேடியபோது கண்டவை

புறநகரில் நாங்கள் வீடு தேடியபோது உடன் வந்த மதிப்பீட்டாளர், எந்த வீட்டின் கதவையும் உடனே திறக்கச் சொல்ல மாட்டார்; முதலில் சுற்றியுள்ள தெருக்களை நடந்து பார்ப்பார். கட்டடம் ஆண்டுதோறும் பழையதாகிக்கொண்டுதான் போகும், விலை ஏறுவது மனைக்குத்தான், அதை ஏற்றுவதும் இறக்குவதும் அக்கம்பக்கம்தான் என்று அவர் விளக்கியது, வீடு பார்க்கத் தொடங்கும் எவருக்கும் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரே வரைபடத்தில் கட்டப்பட்டு எதிரெதிரே நின்ற இரண்டு வீடுகளுக்கு வெவ்வேறு விலை சொன்னார்கள். விசாரித்ததில், எந்த வீட்டுப் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் சேரலாம் என்பதைப் பிரிக்கும் சேர்க்கை எல்லை அந்தத் தெருவின் நடுவே செல்வது தெரிந்தது. பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக், பாஸ்டன் புறநகர்களில் இத்தகைய எல்லைகளுக்கு இருபுறமும் உள்ள வீடுகளை ஒப்பிட்டு 1999-இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வு மதிப்பெண் 5 விழுக்காடு கூடுதலாக உள்ள பள்ளிக்காகப் பெற்றோர் வீட்டு விலையில் ஏறத்தாழ 2.5 விழுக்காடு அதிகம் தர முன்வருவதைக் காட்டியிருக்கிறார். பிள்ளைகள் இல்லாதவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நாளை அந்த வீட்டை வாங்க வருபவருக்குப் பிள்ளைகள் இருக்கலாம்.

ரயில் நிலையம் நடக்கும் தொலைவில் இருந்தால் விலை கூடும், தண்டவாளத்தை ஒட்டியே வீடு இருந்தால் குறையும். ஒலி 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்கும் என்பதால், சில தெருக்கள் தள்ளியிருப்பதே பெரிய வேறுபாட்டைத் தருகிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது மழைநீர்தான். எங்களுக்கு மிகவும் பிடித்துப்போன ஒரு வீட்டின் சுற்றுச்சுவருக்குப் புதிதாக வண்ணம் பூசியிருந்தார்கள். மதிப்பீட்டாளர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் பக்கத்து வீட்டுச் சுவரைக் காட்டினார். அதில் முழங்கால் உயரத்தில் மண்கறை ஒரே கோடாக ஓடியது, அதற்குக் கீழே செங்கல் உப்புப் பூத்திருந்தது. தெருவின் சரிவு முழுவதும் அந்த முனையை நோக்கியே இறங்கியது. வடிகாலோ பாதியில் தூர்ந்து கிடந்தது. வெள்ளம் வரும் மனைக்குக் காப்பீட்டுச் செலவு கூடும், கடன் தரும் வங்கியும் தயங்கும். சேர்க்கை எல்லையை நிர்வாகம் மாற்றி வரையலாம், புதிய சாலையும் வரலாம்; ஆனால் நிலத்தின் சரிவு அப்படி எளிதில் மாறாது, தாழ்ந்த மனையை ஒருவர் தனியாக மேடாக்கினால் தண்ணீர் அடுத்தவர் வாசலுக்குத்தான் போகும். ஆகவே அந்த வீட்டை விட்டுவிட்டு, சமையலறை பழையதாக இருந்தும் மேட்டுத் தெருவில் இருந்த வீட்டையே வாங்கினோம்.